முப்பத்தொரு ஈமெயிலும் ஒரு சிறுபோகக் கணக்கும்

கேள்வி:

அக்கா, நான் வவுனியா பல்கலைக்கழகத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கிறேன், மூன்றாம் வருடம். ஊர் மல்லாவிப் பக்கம். அடுத்த செமஸ்டருக்கு முன்னால் கிட்டத்தட்ட மூன்று மாதம் லீவு வரும்போல் இருக்கிறது. அதற்குள் எங்கேயாவது இன்டர்ன்ஷிப் செய்ய விருப்பம். இணையத்தில் தேடினால் ‘சமர் இன்டர்ன்ஷிப்’ என்று எல்லாம் அமெரிக்கக் கதையாக வருகிறது. கொழும்பில் உள்ள 31 கம்பனிகளுக்கு ஈமெயில் போட்டேன். இரண்டு இடத்திலிருந்து தானியங்கிப் பதில் வந்தது. மற்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஆள் தெரியாமல் கிடைக்காது என்று கூடப் படிக்கிற பிள்ளைகள் சொல்கிறார்கள். ஒரு இடத்தில் 15,000 ரூபா பதிவுக் கட்டணம் கட்டினால் சான்றிதழோடு பயிற்சி தருவோம் என்றார்கள். என் இங்கிலிஷ் பெரிதாக இல்லை. அப்பா கமம் செய்கிறார். கொழும்புக்குத் தனியே விட வீட்டில் யோசிக்கிறார்கள். காட்டுவதற்கு என்னிடம் ஒரு புரொஜெக்டும் இல்லை, அப்பாவின் கமக்கார அமைப்புக்கு, குளத்துத் தண்ணீரை நம்பிச் செய்கிற சிறுபோகத்தில் யாருக்கு எவ்வளவு வயல் என்கிற பங்குக் கணக்கை எக்செல்லில் செய்து கொடுத்தது மட்டும்தான். அனுப்பிய ஈமெயிலையும் சி.வி.யையும் இணைத்திருக்கிறேன். எங்கே பிழை விட்டேன்?

(பெயர் வேண்டாம் என்று கேட்ட மாணவி, முல்லைத்தீவு மாவட்டம்)

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

முதலில் அந்த 15,000 ரூபா விஷயத்தை முடித்துவிடுவோம். கட்டாதீர்கள். ஒரு பாடநெறிக்குக் கட்டணம் கட்டுவது வேறு. அங்கே படிப்பிக்கிறார்கள், காசு வாங்குகிறார்கள். வேலை பழக வருகிற பிள்ளையிடம் காசு கேட்கிற இடம் சான்றிதழ் விற்கிற கடை. அந்தத் தாளை ஆள் எடுக்கிறவர்கள் ஒருவரும் மதிப்பதில்லை. இதே வரிசையில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ நேர்முகம் வைத்து, தாய்லாந்தில் கணினி வேலை, டிக்கெட்டும் நாங்களே போடுகிறோம் என்று யாராவது கதைத்தால் பதிலே எழுத வேண்டாம். அப்படி நம்பிப் போன இலங்கைப் பிள்ளைகள் மியன்மாரின் மியாவடிப் பக்கத்தில் இணைய மோசடி முகாம்களில் அடைபட்டுக் கிடந்ததை 2024 இல் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். கணினியும் கொஞ்சம் இங்கிலிஷும் தெரிந்த, வேலைக்கு அவசரப்படுகிற பிள்ளைகளைத்தான் அந்த ஆட்கள் தேடுகிறார்கள்.

சரி, இனி உங்கள் ஈமெயில். நான் மென்பொருள் துறைக்கு வந்து 12 வருடமாகிறது. கடைசி ஆறேழு வருடமாகப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிற குழுவிலும் இருக்கிறேன். ஆகவே மேசையின் மறுபக்கத்தில் இருந்து பார்க்க உங்கள் ஈமெயில் எப்படித் தெரிகிறது என்று சொல்ல முடியும். கோபிக்க வேண்டாம், உள்ளதைச் சொல்கிறேன்.

31 முகவரியையும் ஒரே பெட்டிக்குள் போட்டு ஒரே தரத்தில் அனுப்பியிருக்கிறீர்கள். திறக்கிற ஒவ்வொருவருக்கும் மற்ற 30 கம்பனிகளின் பெயரும் தெரிகிறது. கலியாண வீட்டுக்கு ஒரே கார்ட்டில் ஊர் முழுவதின் பெயரையும் எழுதிச் சந்தியில் ஒட்டிவிட்டது போல. யாரும் தன்னைக் கூப்பிட்டதாக நினைக்கமாட்டார்கள். தலைப்பில் ‘சி.வி.’ என்று மட்டும் இருக்கிறது. உள்ளே ‘தங்கள் மேலான நிறுவனத்தில் ஏதேனும் பொருத்தமான வாய்ப்பு’ என்று இருக்கிறது. எத்தனை மாதம், எந்தத் திகதியிலிருந்து, முழு நேரமா, பல்கலைக்கழகம் கேட்கிற பயிற்சியா, இல்லை உங்கள் சொந்த விருப்பமா, ஒன்றும் இல்லை. அந்தப் பக்கம் இருப்பவர் இதையெல்லாம் கேட்டு எழுதமாட்டார். அடுத்த ஈமெயிலுக்குப் போய்விடுவார்.

பயிற்சிக்கு ஒரு பிள்ளையை எடுப்பதில் கம்பனிக்குப் பெரிய செலவு அந்த மாதாந்தக் கொடுப்பனவு என்று வெளியில் நினைக்கிறார்கள். உண்மையில் பெரிய செலவு, பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுக்கிற பொறியியலாளரின் நேரம். முதல் நான்கைந்து கிழமை அவருடைய வேலை பாதியாகிவிடும். அதற்குப் பிறகுதான் பிள்ளையால் கொஞ்சம் பிரயோசனம். இலங்கையின் மென்பொருள் கம்பனிகள் பெரும்பாலும் ஆறு மாதப் பயிற்சியைக் கேட்பதும், மூன்று மாதம் என்றால் முகம் சுளிப்பதும் இதனால்தான். உங்கள் ஈமெயிலை வாசிக்கிறவர் மனதில் ஓடுகிற கேள்வி, ‘இந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் யாரை இருத்துவது, போகிறதுக்கு முன் ஏதாவது ஒன்றை முடித்துத் தருவாவா’ என்பது. நீங்கள் அனுப்பிய கடிதத்தில் அதற்கு ஒரு வரிகூடப் பதில் இல்லை.

ஆனால் எனக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. ‘மட்டும்தான்’ என்று ஒரு சொல் போட்டு அதை ஒளித்துவிட்டீர்கள்.

அந்தச் சிறுபோகக் கணக்கைத்தான் சொல்கிறேன். என் அம்மாவின் ஊர் குளத்துக்குக் கீழே உள்ள ஊர். அந்தக் கணக்கு எவ்வளவு சிக்கல் என்று எனக்குத் தெரியும். காலபோகத்தில் மழை இருக்கிறது, எல்லோரும் விதைக்கலாம். சிறுபோகம் அப்படியில்லை. குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துத்தான் இந்த முறை எத்தனை ஏக்கர் என்று கூட்டத்தில் முடிவாகும். பிறகு யாருக்கு எவ்வளவு பங்கு, எந்த வாய்க்காலின் கீழ், யார் விதைக்காமல் பங்கை மற்றவருக்குக் கொடுத்தார் என்று செயலாளர் ஒரு கொப்பியில் எழுதுவார். கொப்பியில் வெட்டல், வெட்டலுக்கு மேல் வெட்டல். கூட்டத்தில் சண்டை. அந்தக் கொப்பியை ஒழுங்கான கணக்காக்கி, அதை நிறையப் பேர் நம்பிப் பாவிக்கிறார்கள் என்றால், கம்பஸில் குழுவாகச் செய்து மதிப்பெண் வாங்கி மூடிவைக்கிற நூலக முகாமைத்துவ மென்பொருளைவிட அது எனக்குப் பெரிது. அந்த நூலக மென்பொருளை இந்த வருடம் மட்டும் எத்தனை சி.வி.யில் பார்த்துவிட்டேன் என்று எண்ணவில்லை. சிறுபோகக் கணக்கை ஒரு சி.வி.யிலும் பார்த்ததில்லை.

உண்மையான ஆட்கள் பாவிக்கிற ஒன்றைச் செய்திருக்கிறீர்கள். பிழை வந்தால் மாலையிலேயே வீட்டு வாசலுக்கு வந்து கேட்கிற ஆட்கள். அவர்களிடம் வாங்கிய பேச்சில் நீங்கள் கற்றது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. ஆகவே அதை வெளியே எடுங்கள். ஒரு கிழமை வேலை இருக்கிறது.

முதல் வேலை, அந்த எக்செல் கோப்பில் ஒரு பிரதி எடுத்து அதில் உள்ள மனிதர்களை அழிப்பது. பெயர், அடையாள அட்டை இலக்கம், காணி இலக்கம், தொலைபேசி எதுவும் இருக்கக்கூடாது. ‘விவசாயி 1, விவசாயி 2’ என்று மாற்றுங்கள், ஏக்கர் எண்ணையும் மாற்றுங்கள். இதைச் செய்யாமல் இணையத்தில் ஏற்றினால் ஊராருக்குச் செய்கிற துரோகம். நேர்முகத்தில் இருப்பவரும் அதைக் கண்டால், எங்கள் வாடிக்கையாளரின் விபரத்தையும் இந்தப் பிள்ளை இப்படித்தான் கையாளும் என்று நினைப்பார். அமைப்பின் தலைவரிடமும் வாயால் ஒரு சம்மதம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, எக்செல்லில் இருப்பதை ஒரு சிறிய தரவுத்தளமாகவும் நாலைந்து திரை உள்ள ஒரு இணைய செயலியாகவும் மாற்றிப் பாருங்கள். மூன்றாம் வருடத்தில் உங்களுக்கு அது கைக்கு எட்டிய வேலை. முடியாவிட்டால் எக்செல்லாகவே இருக்கட்டும், வெட்கமில்லை. எதுவானாலும், செய்த மென்பொருளை மற்றவர்கள் பார்க்க ஏற்றிவைக்கிற கிட்ஹப் தளத்தில் ஏற்றி, அதற்கு ஒரு பக்க அறிமுகம் எழுதுங்கள். முன்பு என்ன சிக்கல் இருந்தது, யார் பாவிக்கிறார்கள், நீங்கள் முதலில் எதைப் பிழையாகச் செய்தீர்கள், பிறகு எப்படி மாற்றினீர்கள், இன்னும் எது சரிவரவில்லை. கடைசி இரண்டையும் எழுதப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். நான் முதலில் வாசிப்பது அதைத்தான்.

மூன்றாவது, கமக்கார அமைப்பிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். ஊர்ச் சங்கம்தானே என்று நினைக்க வேண்டாம். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் பதிவான அமைப்பென்றால் அதன் கடிதத்தலைப்புக்கு மதிப்பு இருக்கிறது. எந்தப் போகத்திலிருந்து பாவிக்கிறோம், எத்தனை அங்கத்தவர்கள், முன்பு எவ்வளவு நேரம் எடுத்தது, இப்போது எவ்வளவு என்று செயலாளர் நான்கு வரி தமிழில் எழுதி முத்திரை குத்தித் தந்தால் போதும். கீழே உங்கள் இங்கிலிஷ் மொழிபெயர்ப்பை இணைத்துவிடுங்கள்.

இனி சி.வி. அரசாங்க வேலைக்கு விண்ணப்பம் எழுதி எழுதி எங்கள் ஊரில் சுயவிபரக்கோவைக்கு ஒரு உருவம் வந்துவிட்டது. முழுப்பெயர், முதலெழுத்துடன் பெயர், அடையாள அட்டை இலக்கம், சமயம், இனம், விவாகமானவரா, கிராம அலுவலர் பிரிவு, தேர்தல் தொகுதி. சாதாரணதரத்தில் ஒன்பது பாடத்துக்கும் பெறுபேறு. கடைசியில் ‘மேற்கூறிய யாவும் உண்மையென உறுதிப்படுத்துகிறேன்’. உங்களுடையது அப்படியே மூன்று பக்கம். கச்சேரிக்குக் கொடுக்க அது சரி. மென்பொருள் கம்பனிக்கு ஒரு பக்கம் போதும். மேலே பெயர், தொலைபேசி, ஈமெயில், கிட்ஹப் முகவரி. அதற்குக் கீழே உடனே சிறுபோகக் கணக்கு, ஐந்தாறு வரியில். பிறகு கம்பஸில் செய்த ஒன்றோ இரண்டோ. பிறகு படிப்பு. உயர்தரப் பெறுபேறு ஒரு வரி, சாதாரணதரம் தேவையில்லை. படமும் அடையாள அட்டை இலக்கமும் போடவே வேண்டாம். ‘விரைவாகக் கற்பவர், குழுவாக வேலை செய்யக்கூடியவர்’ என்கிற வரிகளை எல்லோரும் எழுதுகிறார்கள், ஆகவே யாரும் வாசிப்பதில்லை. தெரிந்த மொழிகள் என்று ஜாவா, பைதன், சி, பி.எச்.பி., ஜாவாஸ்கிரிப்ட் ஐந்தையும் போட்டிருக்கிறீர்கள். போட்டால் ஐந்திலும் கேள்வி வரும். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய இரண்டை மட்டும் விடுங்கள். அப்புறம் அந்த ஈமெயில் முகவரி. பதினான்கு வயதில் வைத்த பெயர் என்று விளங்குகிறது, வடிவாகத்தான் இருக்கிறது. ஆனாலும் புதிதாக ஒன்று திறந்துவிடுங்கள்.

சி.வி. மெல்லியதாக இருக்கிறதே என்று யோசிக்க வேண்டாம். 2009 இல் என் சான்றிதழ்கள் எல்லாம் போய்விட்டன. செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து வெளியே வந்து கம்பஸுக்குப் போன எனக்கு, பயிற்சி தேடிய நேரம் எழுதுவதற்கு இரண்டு வரிதான் இருந்தது. அந்த இரண்டு வரியைப் பற்றி அரை மணித்தியாலம் கதைக்கத் தெரிந்திருந்தது.

‘ஆள் தெரியாமல் கிடைக்காது’ என்பது பாதி உண்மை. தெரிந்த ஆள் மாமாவாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் துறையில் படித்துவிட்டு இரண்டு, மூன்று வருடத்துக்கு முன் வெளியேறிய சீனியர் எங்கே இருக்கிறார் என்று லிங்க்ட்இன்னில் தேடுங்கள். வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமானது 2021 ஓகஸ்டில்தான். ஆகவே அதற்கு முன் படித்தவர்கள் ‘யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், வவுனியா வளாகம்’ என்று போட்டிருப்பார்கள். இரண்டு பெயரிலும் தேடினால்தான் எல்லோரும் அகப்படுவார்கள். அவர்களிடம் வேலை வாங்கித் தாருங்கள் என்று கேட்காதீர்கள், அப்படிக் கேட்டால் அவர்களுக்கும் சங்கடம். ‘உங்கள் இடத்தில் பயிற்சிப் பிள்ளைகளை எந்த மாதத்தில் எடுக்கிறார்கள், யாருக்கு எழுத வேண்டும், என் வேலையை ஒருதரம் பார்த்து ஒரு குறை சொல்வீர்களா’ என்று கேளுங்கள். ஐந்து பேருக்கு எழுதினால் இரண்டு பேராவது பதில் போடுவார்கள். எங்கள் ஆட்கள் ஊர்ப் பிள்ளை கேட்டால் செய்வார்கள்.

அதற்குப் பிறகு கம்பனிக்கு எழுதுகிற கடிதம். ஒன்றுக்கு ஒன்று, தனித்தனியாக. நான் தமிழில் எழுதிக் காட்டுகிறேன், நீங்கள் உங்கள் இங்கிலிஷில் எழுதுங்கள். அழகான இங்கிலிஷ் தேவையில்லை, சின்ன வசனம் போதும்.

‘வணக்கம். நான் வவுனியா பல்கலைக்கழகத்தில் தகவல் தொழில்நுட்பம் மூன்றாம் வருடம். எங்கள் ஊர்க் கமக்கார அமைப்பின் சிறுபோக நிலப்பங்குக் கணக்கைக் கணினிக்கு மாற்றிக் கொடுத்தேன், அவர்கள் இப்போதும் பாவிக்கிறார்கள். உங்கள் கம்பனி கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கணக்கு மென்பொருள் செய்வதைப் பார்த்தேன். ஒரே ஆளுக்கு இரண்டு இடத்தில் பதிவு இருந்தால் வருகிற சிக்கல் எனக்கும் வந்தது. இன்ன திகதியிலிருந்து இன்ன திகதி வரை, 12 கிழமை, முழு நேரம் வரலாம். துறையின் கடிதம் தரமுடியும். வேலையின் முகவரி கீழே. 15 நிமிடம் கதைக்க நேரம் தருவீர்களா?’

அவ்வளவுதான். இரண்டாவது பாதியில் கம்பனிக்குக் கம்பனி மாறுகிற ஒரு வசனம் இருக்கிறது பாருங்கள், அதை எழுத ஒவ்வொரு கம்பனியையும் அரை மணித்தியாலம் பார்க்க வேண்டும். ஆகவே ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் அனுப்ப ஏலாது. நல்லது. ஒரு கிழமை பொறுத்து, பதில் இல்லையென்றால் அதே ஈமெயிலுக்குக் கீழே இரண்டு வரியில் ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். யாருக்கு எப்போது அனுப்பினீர்கள் என்று ஒரு ஷீட்டில் குறித்துவையுங்கள். கணக்கு வைப்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

எங்கே அனுப்புவது? ஏன் முதல் 31 உம் கொழும்பு என்றுதான் எனக்கு விளங்கவில்லை. யாழ்ப்பாணத்தில் சின்னதும் நடுத்தரமுமாக மென்பொருள் கம்பனிகள் இருக்கின்றன. யாழ் ஐ.டி. ஹப் போன்ற அமைப்புகளின் கூட்டங்களுக்கு இரண்டு தரம் போனால் யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று பிடிபட்டுவிடும். சின்ன இடத்தில் ஒரு நன்மை, சொல்லித்தருகிறவர் பெரும்பாலும் முதலாளியே. மாங்குளத்தில் பஸ் ஏறினால் கிளிநொச்சி டவுனுக்கு முன்னாலேயே அறிவியல் நகர். அங்கே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் இருக்கின்றன, 2016 இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிலையமும் இருக்கிறது. விவசாயமும் தரவும் சேர்ந்த ஆராய்ச்சி செய்கிற விரிவுரையாளர் ஒருவருக்கு, உங்கள் விரிவுரையாளர் மூலமாக எழுதிப் பாருங்கள். மூன்று மாதம் ஒரு ஆராய்ச்சியில் கை கொடுப்பதும் பயிற்சிதான். கிளிநொச்சியில் வானவில், விடியல் ஆடைத்தொழிற்சாலைகளும் வவுனியாவில் ஒமேகா லைனும் இருக்கின்றன. ‘காமென்ட்’ என்றதும் எங்கள் சனம் தையல் மெஷினை மட்டும் நினைக்கிறது. ஒவ்வொரு லைனிலும் மணித்தியாலத்துக்கு எத்தனை முடிந்தது, எத்தனை திரும்பியது, எந்த மெஷின் நின்றது என்று நாள் முழுக்கத் தரவு ஓடுகிற இடம் அது. உற்பத்தித் திட்டமிடல் பகுதிக்கும் ஐ.டி. பகுதிக்கும் எழுதுங்கள். நீர்ப்பாசனத் திணைக்களத்தையும் விடாதீர்கள். குள மட்டம், வாய்க்கால், ஏக்கர் என்று அவர்கள் கதைப்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த பாஷை. அரச அலுவலகத்துக்கு ஈமெயில் போட்டுவிட்டுக் காத்திருக்கக்கூடாது. துறைத்தலைவரின் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே போங்கள், காலையிலேயே.

இதை வாசிக்கிற மற்றத் துறைப் பிள்ளைகளுக்கு இடையில் ஒரு சொல். மன்னாரில் மின்சார சபை அமைத்த தம்பபவனிக் காற்றாலை 30 சுழலிகளோடு, 103.5 மெகாவாட் கொள்ளளவில் நிற்கிறது. மின் பொறியியல் படிக்கிறவர்கள் அந்தப் பெயரை மறக்கக்கூடாது. ஆனையிறவில் 2025 மார்ச்சில் மேசை உப்புத் தொழிற்சாலை திறந்தார்கள், அது இரசாயனமும் உணவுத் தொழில்நுட்பமும் படிக்கிறவர்கள் கேட்டுப் பார்க்க வேண்டிய இடம். வணிகம் படிக்கிறவர்கள் கணக்காய்வு நிறுவனங்களை மார்ச்சுக்கு முன்பே போய்ப் பாருங்கள். நிதியாண்டு மார்ச் 31 இல் முடிகிறது, வருமான வரி விபரத்திரட்டுக்குக் கடைசித் திகதி நவம்பர் 30. இடைப்பட்ட மாதங்களில் அவர்களுக்கு எத்தனை கை இருந்தாலும் காணாது. எச்.என்.டி., என்.வி.கியூ. படிக்கிறவர்கள் நைட்டா என்கிற அரச பயிலுனர் பயிற்சி அதிகாரசபை மூலம் பயிற்சி இடம் பெறமுடியுமா என்று முதலில் உங்கள் நிறுவனத்திலேயே கேளுங்கள்.

நீங்கள் கேட்ட அந்த ‘சமர்’. அமெரிக்காவில் மே, ஜூனிலிருந்து ஓகஸ்ட் வரை பெரும்பாலான பல்கலைக்கழகங்களுக்கு ஒன்றாக நீண்ட லீவு வரும். பெரிய கம்பனிகள் அதற்கான விண்ணப்பத்தை முந்தின வருடம் ஓகஸ்ட், செப்டெம்பரிலேயே திறந்துவிடும். விசா வேறு வேண்டும். அந்தப் பக்கங்களைப் பார்த்து மனதைக் குழப்பாதீர்கள். எங்களுக்கு அந்த மாதங்கள் சோளகக் காற்றும் சிறுபோகமும். லீவு எப்போது வரும் என்பது ஒவ்வொரு பீடத்துக்கும் ஒவ்வொரு பட்சுக்கும் வேறு. ஆகவே முதலில் உங்கள் பீடத்தில் திகதியை உறுதிப்படுத்துங்கள். ‘வரும்போல் இருக்கிறது’ என்று கம்பனிக்கு எழுத முடியாது. அதோடு, உங்கள் பட்டத்துக்குரிய பயிற்சி எந்த செமஸ்டரில் என்றும் கேளுங்கள். அது பின்னால் இருக்கிறதென்றால், இந்த மூன்று மாதத்தை அதற்கான முன்னோட்டமாகக் கம்பனிக்குச் சொல்லலாம்: ‘பிடித்திருந்தால் நீண்ட பயிற்சிக்கும் திரும்பி வருவேன்.’ ஆறு மாதம் கேட்கிறவர்களுக்கு இந்த வரி பிடிக்கும்.

வீட்டில் இருந்தபடியே செய்யக்கூடிய ஒரு வெளிநாட்டு வழி உண்மையிலேயே இருக்கிறது. ‘கூகுள் சமர் ஒஃப் கோட்’, 2005 இலிருந்து நடக்கிறது. திறந்த மூல மென்பொருள் அமைப்பு ஒன்றின் வேலையை, அவர்களுடைய வழிகாட்டி ஒருவரோடு இணையத்தில் சில மாதம் செய்ய வேண்டும், கொடுப்பனவும் உண்டு. அதன் முதல் பத்து வருடத்தில் உலகத்திலேயே அதிகம் பேராகத் தெரிவானவர்கள் மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பிள்ளைகள். மொறட்டுவைத் தண்ணீர் ஒன்றும் விசேஷமில்லை, அங்கே ஒரு பட்ச் அடுத்த பட்சுக்குச் சொல்லிக்கொடுத்தது. விண்ணப்பம் வசந்த காலத்தில், மார்ச் அளவில் வரும். ஆனால் அப்போது தொடங்கினால் பிந்திவிட்டது. ஏழெட்டு மாதம் முன்பே ஒரு அமைப்பைத் தெரிந்து, சின்னச் சின்னப் பிழைகளைத் திருத்திக் கொடுத்து, அவர்களுக்கு உங்கள் பெயர் பழக்கமாக வேண்டும். இந்த வருட லீவுக்கு வேண்டாம், அடுத்த வருடத்துக்கு இப்போதே தொடங்குங்கள்.

நேர்முகமும் இங்கிலிஷும். என் முதல் நேர்முகத்தில் ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றார்கள். நான் அப்பா பெயர், அம்மா பெயர், சகோதரம் எத்தனை, நான் எத்தனையாவது என்று சொல்லிக்கொண்டு போனேன். எதிரே இருந்தவர் பேனையைக் கீழே வைத்துவிட்டார். அந்தக் கேள்விக்கு, என்ன படிக்கிறேன், என்ன செய்தேன், ஏன் இங்கே வந்தேன் என்று ஒன்றரை நிமிடம் போதும். சிறுபோகக் கணக்கை இங்கிலிஷில் விளக்குவதை அறைத்தோழிக்கு முன்னால் பத்துத் தரம் சொல்லிப் பாருங்கள், போனில் பதிவு செய்து கேளுங்கள். ‘சிறுபோகம்’ என்ற சொல்லுக்கு இங்கிலிஷ் தேடி மூச்சு முட்ட வேண்டாம். அந்தச் சொல்லையே சொல்லி, மழையில்லாத போகம், குளத்துத் தண்ணீரை நம்பியது என்று விளங்கப்படுத்துங்கள். சிங்களம் பேசுகிறவர் என்றால் ‘யல’ என்று ஒரு சொல் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார். தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லலாம், ‘எப்படித் தேடுவேன் என்று சொல்லட்டுமா’ என்று கேட்கலாம். இங்கிலிஷில் தடக்கிய பிள்ளைகளை நாங்கள் எடுத்திருக்கிறோம். தன் வேலையைத் தான் விளக்க முடியாத பிள்ளையை எடுத்ததில்லை.

அவர்கள் கேட்டு முடிந்ததும் நீங்களும் மூன்று கேளுங்கள். எனக்கு யார் பொறுப்பு, எந்த வேலையில் விடுவீர்கள், கொடுப்பனவு எவ்வளவு. நான் இதைக் கேட்காமல் போய், முதல் பயிற்சி இடத்தில் மூன்று மாதம் பழைய பைல்களை ஸ்கேன் செய்து பெயர் மாற்றினேன். இடத்தின் பெயர் வேண்டாம். கடைசி நாளில் கேக் வெட்டினார்கள்.

இனி அப்பா. அவர் யோசிப்பதில் பிழையில்லை. கொழும்பில் இடம் கிடைத்தால் முதலில் ஒரு தாளில் கணக்குப் போடுங்கள்: அறை வாடகை, முற்பணம், சாப்பாடு, பஸ், மாதத்தில் ஒருதரம் வீட்டுக்கு வந்துபோக. கொடுப்பனவு அதைத் தாண்டவில்லையென்றால் அந்த மிச்சம் அப்பாவின் நெல்லிலிருந்துதான் போகப்போகிறது. அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். கொடுப்பனவே இல்லாத இடத்துக்கு வன்னியிலிருந்து கொழும்புக்குப் போகச் சொல்லி நான் யாருக்கும் சொல்லமாட்டேன். கிழமையில் இரண்டு நாள் மட்டும் அலுவலகம் வரச்சொல்கிற கம்பனிகளும் இப்போது இருக்கின்றன, கேட்டுப் பாருங்கள். தங்குவதற்கு வெள்ளவத்தையில் தெரிந்த குடும்பத்தோடு ஒரு அறை, இல்லையென்றால் வை.டபிள்யூ.சி.ஏ. போன்ற மகளிர் விடுதி. முதல் தரம் போகும்போது அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். இரவு பஸ்ஸில் போய் விடிய இறங்கி, விடுதியையும் அலுவலக வாசலையும் அவர் கண்ணால் பார்த்துவிட்டு வரட்டும். உங்கள் பொறுப்பாளரின் பெயரும் அலுவலகத் தொலைபேசி இலக்கமும் வீட்டில் எழுதி ஒட்டியிருக்கட்டும். என் அப்பா அப்படி வந்து, அலுவலகக் காவலாளியோடு அரை மணித்தியாலம் கதைத்துவிட்டுத்தான் போனார். மூன்று வருடமாக அந்தக் காவலாளி என்னை ‘ஐயாவின்ர மகள்’ என்றுதான் கூப்பிட்டார்.

திருத்திய ஒரு பக்க சி.வி.யையும் முதல் கடிதத்தையும் அனுப்ப முன் எனக்கு ஒருதரம் போடுங்கள், சிவப்புக் கோடு கீறித் தருகிறேன்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். உங்கள் கணக்கில், ஒருவர் இந்தப் போகத்துக்கு மட்டும் தன் பங்கைப் பக்கத்து வாய்க்கால்காரருக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த சிறுபோகத்தில் திரும்பக் கேட்டால், அந்தப் பழைய பங்கை எங்கிருந்து எடுக்கிறீர்கள்? நேர்முகத்தில் நான் இருந்தால் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

அன்புடன்,
அக்கா